மீதி ஒன்பது நிமிடம்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்பார்கள்.
நாங்கள் கட்டவில்லை.
கட்டி நூறு வருசமாகி
இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்த ஒன்றை வாங்கினோம்,
ஹமில்டனில், பார்ட்டன் தெருவுக்கு வடக்கே,
உருக்காலை தன் கரியை
ஜன்னல் விளிம்பில் மையாகத் தீட்டிவிட்டுப் போகிற பக்கத்தில்.
கலியாணம் ஜூனில். சாவி ஜூலையில்.

விற்றவர் குமிழ்விளக்கு வரை கழற்றிக்கொண்டு போயிருந்தார்.
விட்டுப்போனது பின்பக்கம் பருத்த ஒரு ரீவி,
வீடியோ டெக், அதற்குள் சிக்கிக் கிடந்த ஒரு கசெற்.
முதுகில் பேனையால் எழுதியிருந்தது: எண்பது நிமிடம்.
பெயின்ற் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து பார்த்தோம்.

கறுப்பு வெள்ளை. இங்கிலாந்து.
புது மாப்பிள்ளை ஒருவன் டை கட்டியபடியே
சுவருக்குத் தாள் ஒட்டுகிறான்,
தாள் அவன் முதுகில் ஒட்டுகிறது.
பெண்சாதி தேநீர்த் தட்டோடு வருகிறாள்,
தரையில் பலகை இல்லாத அந்த ஒரே இடத்தில்
சரியாகக் காலை வைக்கிறாள்.
இடுப்புவரை இறங்கியும் தேநீர் சிந்தவில்லை.
மயூரதன் சிரித்த சிரிப்பில்
மேலேயிருந்து எங்கள் சுண்ணாம்பும் கொஞ்சம் உதிர்ந்தது.
அப்போதே கவனித்திருக்கவேண்டும்.

படத்தில் ஒழுகினால் ஒரு சட்டி,
அடுத்த காட்சியில் ஏழு சட்டி,
பிறகு ஒரு வாத்திய இசை, பிறகு வெயில்.
எங்களுக்கு ஓகஸ்ட் பதினேழில் ஒழுகத் தொடங்கியது.
இசை வரவில்லை, பிளம்பர் வந்தார்.
குழாயைப் பார்த்து "ஓ" என்றார்.
அந்த ஓர் எழுத்துக்கு நூற்றிருபது டொலர்.
தமிழில் ஓ என்றால்
மதகில் தண்ணீரைத் தடுக்கும் பலகை என்று
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறேன்.
இந்த ஓ எதையும் தடுக்கவில்லை.

மார்க்கத்திலிருந்து மாமி ஞாயிறு தவறாமல் கேட்பார்:
"குடிபூரலுக்கு நாள் பாக்கட்டோ?"
அடுப்பு இல்லை மாமி என்று சொல்லமுடியாமல்
மின்சாரக் கேத்திலில் பால் காய்ச்சி
பொங்கியதைப் படமெடுத்து அனுப்பினேன்.
கேத்தில் அதோடு செத்தது.

படுக்கையறைக் கதவு தனிக் கதை.
புழுக்கத்தில் ஊதி இறுகிக்கொண்டது என்று
செப்டெம்பரில் மயூரதன் சீவினான்.
அவனுக்குச் சீவல் பிடித்துப் போனது,
சுருள்சுருளாக வருகிறது பார் என்று
இன்னும் கொஞ்சம் சீவினான்.
மார்கழிக் குளிரில் மரம் தானாகவே சுருங்க
கை நுழையும் இடைவெளி.

அந்த மார்கழியில்தான் பெரிய சண்டை.
வீட்டை விற்றுவிடுவோம் என்றேன்.
"உன்ர ஆசைக்குத்தானே வாங்கினது" என்றான்.
அதற்கு நான் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.
உள்ளே போய்க் கதவை அறைந்தேன்.

படத்தில் அவள் அறைந்தபோது
நிலை நடுங்கி, ஆணிப்படம் விழுந்து,
வாசல் இலக்கத்தில் ஒன்பது ஆறாகத் தொங்கியது.
என்னுடையதோ சத்தமே இல்லாமல் போய்
எதிலும் படாமல்
மெதுவாகத் திரும்பி வந்து
அவன் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.
இரண்டாம் முறை அறைந்தேன். திரும்பவும் வந்தது.
மூன்றாம் முறைக்கு அவன் ஒரு துவாயை மடித்து
இடுக்கில் செருகி, வெளியிலிருந்து பிடியைப் பிடித்துக்கொண்டு
சொன்னான்:
"நான் பிடிக்கிறன். இப்ப அடி."

அன்றிரவு கசெற்றை மறுபடி போட்டோம்.
எழுபத்தோராவது நிமிடத்தில்
அவன் ஏணியில், அவள் ஏணியைப் பிடித்தபடி,
வாளி சரியத் தொடங்குகிறது,
திடீரென்று எவரோ பழைய காலநிலை அறிவிப்பாளர்:
நாளை பனிப்பொழிவு, மைனஸ் இருபத்திரண்டு.
பதிவு செய்தவர் கை தவறி மேலே பதிந்திருக்கிறார்.
வாளி யார் தலையில் விழுந்தது,
கூரை முடிந்ததா, அவர்கள் அங்கே இருந்தார்களா,
தெரியாது.

கதவு இன்னும் அப்படித்தான்.
நடைவெளிச்சம் ஒரு முழ நீளத்துக்குக்
கட்டிலில் வந்து படுக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை சரியாக்கிறன் என்கிறான்.
எந்த ஞாயிறு என்று நான் கேட்பதில்லை.